உயிர்த்திணிவிலிருந்து ஐதரசன்: ஊக்கிகள் செயலிழப்பது ஏன்?

ஊக்கி என்பது ஒரு தாக்கத்தின் வேகத்தை அதிகரித்து, ஈற்றில் தான் மாற்றமடையாது எஞ்சும் பொருள் என்று பாடநூல்கள் வரையறுக்கின்றன. சுவீடன் நாட்டு இரசாயனவியல் அறிஞர் பேர்சிலியசு 1835 ஆம் ஆண்டில் இத்தோற்றப்பாட்டுக்கு முதன்முதலாகப் பெயரிட்டார். அன்றுதொட்டு இவ்வரையறை மாணவர் தலைமுறைகள் பலவற்றால் மனனஞ் செய்யப்பட்டு வந்துள்ளது. எனினும், தொழிற்சாலை உலையொன்றில் ஊக்கியை இட்டு அதனைப் பல மாதங்கள் அவதானிப்பவர் இவ்வரையறையை அப்படியே ஏற்கத் தயங்குவர். அங்கே ஊக்கி கறுக்கின்றது, நஞ்சூட்டப்படுகின்றது, நொறுங்குகின்றது, மூப்படைகின்றது, ஈற்றில் செயலிழந்து வெளியே எடுக்கப்படுகின்றது. வரையறை பிழையானதன்று, ஆனால் அது ஊக்கி ஈடுபடும் முதன்மைத் தாக்கத்தை மாத்திரம் கருதுவது. ஊக்கியின் மேற்பரப்பில் நிகழும் ஏனைய நிகழ்ச்சிகளைப்பற்றி அது எதுவும் கூறுவதில்லை.

அந்த ஏனைய நிகழ்ச்சிகளே இக்கட்டுரையின் பொருளாகும். மரம், வைக்கோல், உமி, கரும்புச் சக்கை முதலாய உயிர்த்திணிவிலிருந்து நீராவியின் துணையுடன் ஐதரசன் பெறும் முறையை எடுத்துக்கொண்டு, அம்முறையில் ஊக்கிகள் செயலிழப்பதற்கான காரணங்களையும், அவற்றுக்குக் கூறப்படும் பரிகாரங்களையும் ஈண்டு நோக்குவோம். இக்காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை என்பதும், ஒரு நோய்க்கு இடும் மருந்து மற்றொரு நோயை விளைவிக்கக்கூடும் என்பதும் நோக்குமிடத்துப் புலனாகும்.

இவ்வாய்வின் முக்கியத்துவத்தைச் சுருங்கக் கூறலாம். 2022 ஆம் ஆண்டில் உலகம் ஏறக்குறைய 95 மில்லியன் தொன் ஐதரசனைப் பயன்படுத்தியது. பசளைக்கான அமோனியாவை ஆக்குவதற்கும் கனிய எண்ணெயைச் சுத்திகரிப்பதற்குமே இதன் பெரும்பகுதி செலவாயிற்று. அந்த ஐதரசனோ இயற்கை வாயு, நிலக்கரி போன்ற சுவட்டு எரிபொருள்களிலிருந்தே பெரிதும் பெறப்பட்டது. அவ்வாறு பெறுகையில் வெளியேறும் காபனீரொட்சைட்டு வளிமண்டலத்துக்குப் புதிதாகச் சேர்வது. உயிர்த்திணிவிலிருந்து வெளியேறுவதோ, தாவரம் வளர்ந்த காலத்தில் அதே வளிமண்டலத்திலிருந்து பெற்றுக்கொண்டது. ஆகவே அறுவடைக்கு ஈடாக மீளப் பயிரிடப்படுமாயின் உயிர்த்திணிவு சிறந்த மூலப்பொருளாகும். இரசாயனக் கணக்கும் இதற்குச் சாதகமாகவே உள்ளது. ஆயினும் இம்முறை பெருந்தொழிலாக வளராமைக்குரிய தடைகளுள் தலையாயவற்றில் ஒன்று ஊக்கியின் குறுகிய ஆயுளாகும்.

முறையும் அதன் கணக்கும்

தாவர உடலின் பெரும்பகுதி செலுலோசு, அரைச்செலுலோசு, இலிக்னின் என்னும் மூன்றனால் ஆயது. செலுலோசின் ஓர் அலகில் ஆறு காபன் அணுக்களும் பத்து ஐதரசன் அணுக்களும் ஐந்து ஒட்சிசன் அணுக்களும் உள. இவ்வலகு ஏழு நீர் மூலக்கூறுகளுடன் முற்றாகத் தாக்கமுறுமாயின் ஆறு காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளும் பன்னிரண்டு ஐதரசன் மூலக்கூறுகளும் விளையும். அதாவது 162 கிராம் செலுலோசிலிருந்து 24 கிராம் ஐதரசன். ஒரு கிலோகிராமிலிருந்து ஏறக்குறைய 148 கிராம். இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், வெளிவரும் 24 ஐதரசன் அணுக்களுள் 14 நீரிலிருந்து வருபவை என்பதாகும். நீராவி இங்கே வெறும் ஊடகமன்று, அது மூலப்பொருளுமாகும்.

நடைமுறையில் இத்தாக்கம் ஒரே படியில் நிகழ்வதில்லை. முதலில் உயிர்த்திணிவு வெப்பத்தினாற் சிதைந்து கரி, வாயுக்கள், ஆவிகள் எனப் பிரிகின்றது. ஆவிகளில் அசற்றிக் அமிலம், பீனோல்கள், பேரால், வெல்லத்திலிருந்து பிறந்த பல்வேறு சேர்வைகள் ஆகியன கலந்துள்ளன. இவற்றைக் குளிரச் செய்தால் கருநிறத் திரவம் கிடைக்கும். உயர்ந்த வெப்பநிலையில் நீராவியுடன் வாயுவாக்கினால், மூலப்பொருளின் பெரும்பகுதி காபனோரொட்சைட்டு, ஐதரசன், மெதேன் முதலாய வாயுக்களாகின்றது. எஞ்சுவது நப்தலீன், தொலுயீன் போன்ற வளையச் சேர்வைகள் செறிந்த தார். இவ்விரண்டு வழிகளுள் எதனைக் கைக்கொள்ளினும், இரண்டாம் படியாக அவ்வாவிகளையும் தாரையும் ஊக்கியின்மீது நீராவியுடன் செலுத்தி, 700 முதல் 900 பாகை செல்சியசு வரையான வெப்பநிலையில் ஐதரசனாகவும் காபன் ஒட்சைட்டுக்களாகவும் மாற்றுதல் வேண்டும். இதனையே நீராவி மறுசீராக்கம் என்பர்.

இப்பணிக்குப் பெரிதும் பயன்படும் ஊக்கி நிக்கல் ஆகும். பிரான்சிய அறிஞர் சபாத்தியே நுண்டுகளாக்கிய நிக்கலின் ஊக்கித் திறனை ஆராய்ந்து 1912 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். ஐதரோகாபன்களை நீராவியால் மறுசீராக்கும் பெருந்தொழில், 1930 களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் பற்றன் றூச் நகரில் நியூ யேர்சி ஸ்ராண்டட் ஒயில் நிறுவனத்தின் ஆலையில் நிலைபெற்றது. அன்றுதொட்டு இயற்கை வாயுவுக்கு நிக்கலே பயன்பட்டு வந்துள்ளது. நிக்கல் விலை மலிந்தது. காபனுக்கும் காபனுக்கும் இடையேயும், காபனுக்கும் ஐதரசனுக்கும் இடையேயும் உள்ள பிணைப்புக்களை உடைப்பதில் வல்லது. பொதுவாக அலுமினியம் ஒட்சைட்டு போன்ற துளைமிக்க தாங்கியொன்றின் மேற்பரப்பில், சில நனோமீற்றர் தொடக்கம் சில பத்து நனோமீற்றர் வரையான பருமனுள்ள துணிக்கைகளாக நிக்கல் பரப்பப்படும். தாக்கம் துணிக்கையின் மேற்பரப்பில் மாத்திரம் நிகழ்வதால், துணிக்கை சிறிதாக இருத்தலே சிக்கனமாகும்.

காபன் படிதல்

ஊக்கி செயலிழப்பதற்குரிய முதலாவது காரணம், அதன் சிறப்பிலிருந்தே பிறப்பதாகும். நிக்கலின் மேற்பரப்பை அடையும் கரிமச் சேர்வையின் மூலக்கூறு படிப்படியாக உடைந்து, ஈற்றில் தனிக் காபன் அணுக்களை அம்மேற்பரப்பில் விட்டுச் செல்கின்றது. அருகே நீராவி உடைந்து தந்த ஒட்சிசன் அணு இருக்குமாயின், காபன் அதனோடு சேர்ந்து காபனோரொட்சைட்டாகி வெளியேறும். ஒட்சிசன் வந்து சேருமுன் மற்றொரு காபன் அணு வந்து சேருமாயின் இரண்டும் இணையும். பின்னர் மூன்றாவது சேரும். ஆகவே ஊக்கியின் மேற்பரப்பில் ஓயாத போட்டியொன்று நடைபெறுகின்றது. காபன் வந்து சேரும் வேகம் ஒருபுறம். நீராவி அதனை அகற்றும் வேகம் மறுபுறம். முன்னது பின்னதை விஞ்சும் கணந்தொட்டுக் காபன் படியத் தொடங்கும்.

மெதேனைப் பொறுத்தமட்டில் இப்போட்டியை நீராவி வெல்லுதல் எளிது; மெதேன் உறுதியான மூலக்கூறாதலின் மெதுவாகவே உடைகின்றது. உயிர்த்திணிவின் ஆவிகளோ வேறு இயல்பினை உடையன. பீனோலும் நப்தலீனும் நிக்கலில் தட்டையாகப் படிந்து, ஒரே வேளையில் பல அணுக்களின் இடத்தை மறைத்துக்கொள்கின்றன. வெல்லச் சேர்வைகள் ஊக்கியை அடையுமுன்னரே வெப்பத்தினால் ஒன்றோடொன்று சேர்ந்து பிசினாகித் துளைவாயில்களை அடைக்கின்றன. எதனோல் நீரை இழந்து எதிலீனாகின்றது. எதிலீன் காபன் படிவுக்கு நன்கறியப்பட்ட முன்னோடியாகும். தாங்கியாகிய அலுமினியம் ஒட்சைட்டின் அமில இயல்பே இந்நீரிழப்பைத் தூண்டுகின்றது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

படியும் காபன் ஒரே வகையினதன்று. தாழ்ந்த வெப்பநிலையில் அது பிசின்போன்ற படலமாகத் துணிக்கையைப் போர்த்து மூடுகின்றது. செயல் உடனே குன்றும். மிக உயர்ந்த வெப்பநிலையில், ஆவி தானாகவே சிதைவதால் விளையும் புகைக்கரி படிந்து துளைகளை அடைக்கின்றது. மூன்றாவது வகை வியப்புக்குரியது. காபன் அணுக்கள் நிக்கல் துணிக்கையினுட் கரைந்து, அதனூடாகப் பரவி, மறுபக்கத்தில் இழையாக வெளித்தள்ளப்படுகின்றன. இழை வளருந்தோறும் நிக்கல் துணிக்கை தாங்கியிலிருந்து பெயர்க்கப்பட்டு இழையின் நுனியில் ஏறிச் செல்லும். 1972 ஆம் ஆண்டில் பேக்கரும் அவருடன் பணியாற்றியோரும், நிக்கலின்மீது அசற்றலீன் சிதையும்போது இவ்விழைகள் வளர்வதை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் ஊடாக நேரே கண்டு வெளியிட்டனர்.

இழைவடிவக் காபனின் தீங்கு வஞ்சகமானது. நுனியிலுள்ள நிக்கலின் ஒரு முகம் திறந்தேயிருப்பதால் ஊக்கியின் செயல் நெடுநேரம் குன்றுவதில்லை. அளவைகள் யாவும் நலமே எனக் காட்டும். ஆனால் துளைகளினுள் வளரும் இழைகள் தாங்கியை உள்ளிருந்து பிளந்து பொடியாக்குகின்றன. அப்பொடி உலைக்குழாயை அடைக்க, வாயுவைச் செலுத்துதற்கு வேண்டிய அமுக்கம் திடீரென உயரும். ஊக்கி செயலிழக்கவில்லை; ஆனால் உலை நின்றுவிட்டது.

நஞ்சேறல்

இரண்டாவது காரணம் மூலப்பொருளின் சாம்பலிலும் புரதத்திலும் உறைவது. தாவரங்கள் மண்ணிலிருந்து கந்தகம், குளோரீன், பொற்றாசியம், பொசுபரசு முதலாய மூலகங்களைப் பெறுகின்றன. வாயுவாக்கலின்போது கந்தகம் பெரும்பாலும் ஐதரசன் சல்பைட்டாகவும், குளோரீன் ஐதரசன் குளோரைட்டாகவும் பொற்றாசியம் குளோரைட்டாகவும் வெளிவருகின்றன.

ஐதரசன் சல்பைட்டு நிக்கலோடு மிக வலிமையாகப் பிணைகின்றது. வாயுவில் அது பத்து இலட்சத்திற் சில பத்துப் பங்குகளாக இருப்பினும் போதும். மேற்பரப்பின் பெரும்பகுதியைக் கந்தகம் கைப்பற்றிக்கொள்ளும். வெப்பநிலை உயர உயர இப்பிணைப்புத் தளர்வதால், 900 பாகையில் இயங்கும் ஊக்கி 700 பாகையில் இயங்குவதைவிடக் கூடிய கந்தகத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஆகவே கந்தகத்துக்கு ஒரு பரிகாரம் வெப்பநிலையை உயர்த்துதலாகும். இப்பரிகாரம் எவ்வாறு மூன்றாவது நோய்க்கு வழிவகுக்கின்றது என்பதைப் பின்னர் காண்போம்.

எனினும் கந்தகத்தை முழுப் பகையெனக் கொள்ளுதல் பொருந்தாது. காபன் அணுக்கள் கூடிப் படிவதற்கு நிக்கல் அணுக்களின் பெரிய கூட்டம் வேண்டும். மறுசீராக்கத்துக்கோ சிறிய கூட்டமே போதுமானது. எனவே மேற்பரப்பின் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கைக் கந்தகம் மறைத்தால், காபன் படிதல் நின்றுவிட, மறுசீராக்கம் குன்றிய வேகத்தில் தொடர்ந்து நிகழும். தென்மார்க்கு நாட்டின் றொஸ்ரறப்-நீல்சன் இவ்வுண்மையை நிறுவினார். அளவாகக் கந்தகமிட்டு ஊக்கியைக் காக்கும் முறையொன்றும் அந்நாட்டின் ரொப்சோ நிறுவனத்தினரால் தொழிலிற் புகுத்தப்பட்டது. அளவறிந்து இடப்பட்ட நஞ்சு இங்கே காவலாகின்றது.

பொற்றாசியத்தின் கதையும் இத்தகையதே. 1960 களின் தொடக்கத்தில் பிரித்தானியாவின் இம்பீரியல் கெமிக்கல் இன்டஸ்ரீஸ் நிறுவனம் நப்தாவை நீராவியால் மறுசீராக்கும் முறையை வெளிக்கொணர்ந்தது. நப்தா மெதேனைவிட எளிதிற் காபனைப் படியவிடும். அதனைத் தடுத்தற்பொருட்டு ஊக்கியினுள் பொற்றாசியம் சேர்க்கப்பட்டது. அது காபன்மீது நீராவியின் தாக்கத்தை விரைவுபடுத்தும். அப்பொற்றாசியம் ஆவியாகி விரைவில் நீங்காவண்ணம் அலுமினோ சிலிக்கேற்றுச் சேர்வையாக உள்ளே பூட்டிவைக்கப்பட்டு, சிறுகச் சிறுக விடுவிக்கப்பட்டது. உயிர்த்திணிவிலோ பொற்றாசியம் கேளாமலே வருகின்றது, அளவின்றியும் வருகின்றது. சிறிதளவு காபனை அகற்றும். மிகுந்தால் நிக்கலின் செயலூக்கமுள்ள இடங்களை மறைக்கும். சிலிக்காவோடு சேர்ந்தால் தாழ்ந்த வெப்பநிலையில் உருகும் கண்ணாடிபோன்ற பொருளாகித் துணிக்கைகளை ஒட்டவைக்கும். வைக்கோல் பொற்றாசியம், குளோரீன், சிலிக்கா ஆகிய மூன்றையும் ஒருங்கே கொண்டது. மரப்பட்டை நீக்கிய மரத்திலோ இவை மிகக் குறைவு. ஆதலின் மரத்துக்கு ஏற்றதென நிறுவப்பட்ட ஊக்கியை வைக்கோலுக்கும் ஏற்றதெனக் கொள்ளுதல் ஆபத்தானது.

மூப்படைதல்

மூன்றாவது காரணத்துக்கு மாசெதுவும் தேவையில்லை. வெப்பமும் காலமும் போதும். திண்மமொன்றின் அணுக்கள் அதன் தனிவெப்பநிலை அளவிலான உருகுநிலையின் ஏறக்குறைய அரைப்பங்கை எட்டும்போதே திண்மத்தினுள் கணிசமாக அசையத் தொடங்குகின்றன என்பது யேர்மனிய அறிஞர் தம்மான் பெயரால் வழங்கும் பட்டறிவு விதியாகும். நிக்கலின் உருகுநிலை 1,455 பாகை செல்சியசு; அதாவது 1,728 கெல்வின். அதன் அரைப்பங்கு 864 கெல்வின். அஃது ஏறக்குறைய 591 பாகை செல்சியசாகும். மறுசீராக்கமோ 700 பாகைக்கு மேல் நடைபெறுகின்றது. எனவே இவ்வுலையில் இடப்படும் ஒவ்வொரு நிக்கல் துணிக்கையும் முதல் நாள் தொட்டே அசைவுக்குரிய எல்லையைக் கடந்துதான் பணியாற்றுகின்றது. துணிக்கைகள் நகர்ந்து ஒன்றோடொன்று கலக்கின்றன. சிறியவற்றின் அணுக்கள் பெரியவற்றைச் சென்றடைகின்றன. மொத்த நிக்கல் குறையாது, மேற்பரப்புக் குறையும். நீராவி இச்செயலை மேலும் விரைவுபடுத்துகின்றது. தாங்கியின் துளைகளையும் சுருங்கச் செய்கின்றது.

அன்றியும், துணிக்கை பருக்குந்தோறும் அதன்மீது இழைவடிவக் காபன் வளர்தல் எளிதாகின்றது. மிகச் சிறிய துணிக்கைகளே இழை வளர்ச்சியை எதிர்ப்பவை. ஆகவே மூப்பு காபன் நோய்க்கு வாயிலைத் திறந்துவிடுகின்றது. மிக உயர்ந்த வெப்பநிலையில் நீராவி மிகுந்து ஐதரசன் குறைந்த சூழல் வாய்க்குமாயின், நிக்கல் ஒட்சைட்டாக மாறி, அலுமினியம் ஒட்சைட்டுடன் சேர்ந்து சிபினெல் என்னும் சேர்வையாகின்றது. அதிலிருந்து நிக்கலை மீட்பது கடினம்.

மருந்தே நோயாதல்

இம்மூன்று காரணங்களையும் ஒருங்கே நோக்கும்போதுதான் இத்துறையின் உண்மையான இடர்ப்பாடு புலனாகின்றது. காபன் படிந்த ஊக்கியை மீட்பதற்கு எளிய வழி வளியைச் செலுத்தி அக்காபனை எரித்துவிடுதலே. ஆனால் ஒரு மூல் காபன் எரியும்போது 394 கிலோயூல் வெப்பம் வெளிப்படுகின்றது. ஒரு கிலோகிராம் ஊக்கியில் ஐம்பது கிராம் காபன் படிந்துள்ளதெனக் கொள்வோம். அது விரைந்து எரிந்து, வெப்பம் வெளியேறாது ஊக்கியிலேயே தங்குமாயின், ஊக்கியின் வெப்பநிலை ஆயிரம் பாகைக்கும் மேலாக உயரும். நடைமுறையில் வாயுவோட்டம் ஒரு பகுதி வெப்பத்தை எடுத்துச் செல்லுமாயினும், துணிக்கைகள் கலந்து பருப்பதற்கு மிகுதி வெப்பம் போதுமானது. காபன் நீங்கும், மேற்பரப்பும் நீங்கும். அடுத்த சுற்றில் ஊக்கி முன்னிலும் விரைவாகக் கறுக்கும்.

நீராவியைக் கொண்டு காபனை அகற்றுவது மற்றொரு வழி. இத்தாக்கம் ஒரு மூல் காபனுக்கு 131 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சுவதால் மிகைவெப்ப ஆபத்தில்லை. ஆனால் அது மெதுவானது. நெடுநேரம் உயர்ந்த வெப்பநிலையில் நீராவியிற் கிடக்கும் நிக்கல் ஒட்சியேற்றமடையக்கூடும். வளியை நீராவியாலோ நைதரசனாலோ ஐதாக்கி, வெப்பநிலையைக் கண்காணித்துச் சிறுகச் சிறுக எரிப்பதே இடைவழி.

தொடக்கத்திலிருந்தே நீராவியை மிகையாகச் செலுத்திக் காபனைத் தடுக்கலாமே எனக் கேட்கலாம். இயற்கை வாயு ஆலைகளில் ஒரு காபன் அணுவுக்கு இரண்டரை முதல் மூன்று வரையான நீர் மூலக்கூறுகள் செலுத்தப்படுவது வழக்கம். உயிர்த்திணிவு ஆவிகளுக்கு ஐந்தும் அதற்கு மேலும் தேவைப்படுவதுண்டு. ஆனால் ஒரு கிலோகிராம் நீரை 100 பாகையில் ஆவியாக்க மாத்திரம் 2,257 கிலோயூல் வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தைப் பெற மேலும் விறகை எரித்தல் வேண்டும். காபனைத் தடுத்து ஊக்கியைக் காக்க முனைந்தவர் தம் ஐதரசனின் ஒரு பகுதியை விலையாகக் கொடுக்கின்றார்.

இன்னுமோர் ஆபத்தும் உளது. ஆலையை நிறுத்திக் குளிரவிடும்போது, ஏறக்குறைய 200 பாகைக்குக் கீழே காபனோரொட்சைட்டு நிக்கலோடு சேர்ந்து நிக்கல் காபனைல் என்னும் கொடிய நஞ்சாவியைத் தோற்றுவிக்கக்கூடும். ஆகவே குளிருமுன் வாயுவை மாற்றுதல் இன்றியமையாதது. செயலிழந்து வெளியேறும் ஊக்கியையும் கண்ட இடத்திற் கொட்டுதல் ஆகாது. நிக்கல் சேர்வைகள் மனிதரிற் புற்றுநோயை விளைவிப்பவை என வகைப்படுத்தப்பட்டுள்ளன.

பரிகாரங்கள்

ஆராய்ச்சியாளர் மேற்கொண்ட பரிகாரங்களை மூன்று திசைகளில் வகுக்கலாம். முதலாவது, ஊக்கியின் அமைப்பை மாற்றுதல். தாங்கிக்கு மகனீசியம் ஒட்சைட்டைச் சேர்த்து அமில இயல்பைக் குறைக்கலாம். சீரியம் ஒட்சைட்டைச் சேர்த்தால், அது தன் ஒட்சிசனைக் காபனுக்குக் கொடுத்துப் பின்னர் நீராவியிலிருந்து மீளப் பெற்றுக்கொள்ளும். 1998 ஆம் ஆண்டில் தென்மார்க்கு அறிஞர் குழுவொன்று நிக்கலின் மேற்பரப்பில் சிறிதளவு பொன்னைக் கலந்து காபன் படிதலைக் குறைக்கலாம் என்பதைக் காட்டியது. உரோடியம், உருத்தேனியம் போன்ற உலோகங்களில் காபன் எளிதிற் கரைவதில்லையாதலின் இழைகள் வளர்தல் அரிது. ஆனால் உரோடியத்தின் விலை பெருந்தொழிலுக்கு எளிதில் இடந்தராது.

இரண்டாவது, நஞ்சை ஊக்கியை அணுகவிடாது தடுத்தல். கந்தகத்தைத் துத்தநாக ஒட்சைட்டில் பிடிக்கலாம். தூசியையும் பொற்றாசிய ஆவிகளையும் வடிகட்டலாம். ஆனால் வாயுவைக் குளிரவிட்டே இவற்றுட் பலவற்றைச் செய்தல் வேண்டும். குளிர்ந்தால் தார் உறைந்து குழாய்களை அடைக்கும். மீளச் சூடாக்க வெப்பம் வேண்டும்.

மூன்றாவது திசை, செயலிழத்தலைத் தவிர்க்க முடியாதெனக் கொண்டு, அதனோடு ஒத்துப்போகும் உலையை அமைத்தல். இதற்கு முன்மாதிரி எண்ணெய்ச் சுத்திகரிப்பிலேயே உண்டு. 1942 ஆம் ஆண்டில் அதே பற்றன் றூச் நகரில் இயங்கத் தொடங்கிய ஊக்கிப் பிளவு ஆலையில், ஊக்கித்தூள் ஓர் அறையிற் கறுத்து, மற்றோர் அறையிற் காபன் எரிந்து தூய்மையாகி, இடையறாது சுழன்றது. எரிதலில் விளைந்த வெப்பமே முதல் அறையின் தாக்கத்துக்கு உணவாயிற்று. நோயின் வெப்பத்தையே தொழிலின் எரிபொருளாக்கிய இவ்வமைப்பு நுண்ணிய சிந்தனையின் பயனாகும்.

இத்தத்துவத்தை உயிர்த்திணிவுக்குப் பயன்படுத்தியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஒஸ்திரியாவின் கூசிங் நகர ஆலையாகும். வியன்னாத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியிலிருந்து தோன்றி, எட்டு மெகாவாற்று எரிபொருள் வலுவுடன் 2002 ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கிய இவ்வாலை 2016 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. மின்னும் வெப்பமும் பெறுவதே அதன் நோக்கமாயினும், அதன் உலர்ந்த வாயுவில் ஏறக்குறைய ஐந்திலிரு பங்கு ஐதரசனாக இருந்தது. ஓர் அறையில் மரச்சீவல்கள் நீராவியுடன் வாயுவாகும்; எஞ்சிய கரி படுக்கைத் துணிக்கைகளுடன் மற்றோர் அறைக்குச் சென்று வளியில் எரியும்; சூடேறிய துணிக்கைகள் மீள முதல் அறையை வந்தடையும். இத்துணிக்கைகள் நிக்கலூக்கி அல்ல. ஒலிவீன் எனப்படும் மகனீசியமும் இரும்பும் கலந்த சிலிக்கேற்றுக் கனிமமாகும். விலை மலிந்தது, நிக்கலைப்போல் நச்சுச் சாம்பலைத் தராது.

இவ்வொலிவீன் ஆராய்ச்சியாளருக்குப் புதியதொரு பாடத்தைப் புகட்டியது. நாட்கள் செல்லச் செல்ல மரச்சாம்பலிலுள்ள கல்சியம் துணிக்கைகளின்மீது படலமாகப் படிந்தது. அதனால் ஒலிவீன் செயல் குன்றவில்லை. புதிய ஒலிவீனைவிடப் பயன்படுத்திய ஒலிவீனே தாரைக் குறைப்பதில் மேம்பட்டு விளங்கியது. நிக்கலுக்கு இடையூறாகும் அதே சாம்பல் வேறொரு பொருளுக்குத் துணையாயிற்று. முன்னரண்போல ஒலிவீன் பெரும்பங்கு தாரை முதலிற் சிதைக்க, நிக்கலூக்கியைப் பின்னர் வைத்து எஞ்சியதை மாத்திரம் அதனிடம் ஒப்படைத்தல் இவ்வனுபவத்தினின்று கொள்ளத்தக்க நெறியாகும்.

மறைந்திருக்கும் மரணம்

முடிவுக்கு முன் அளவீடு பற்றி ஓர் எச்சரிக்கை கூறுதல் அவசியமாகின்றது. புதிய ஊக்கியொன்றைப் பற்றிய அறிக்கைகளில், பல மணி நேரமாக மூலப்பொருள் முழுவதும் மாற்றமுற்றது. ஆகவே ஊக்கி உறுதியானது என்னும் முடிவு அடிக்கடி காணப்படுகின்றது. இம்முடிவு பிழையாக இருக்கக்கூடும். குழாயொன்றில் தேவைக்கு மூன்று மடங்கு ஊக்கி இடப்பட்டுள்ளதெனக் கொள்வோம். முதலில் மூலப்பொருள் முழுவதும் குழாயின் முன்பகுதியிலேயே மாற்றமுறும். முன்பகுதி செயலிழந்ததும் நடுப்பகுதி அப்பணியை ஏற்கும், பின்னர் கடைப்பகுதி. இவ்வளவு காலமும் வெளிவாயிலில் அளப்பவருக்கு நூற்றுக்கு நூறு மாற்றமே தோன்றும். மூன்றிலிரு பங்கு ஊக்கி மாண்டபின்னரும் அறிக்கையில் அது உறுதியானதெனவே பதிவாகும். பின்னொரு நாள் வீழ்ச்சி திடீரென வரும். ஆகவே ஊக்கியின் உறுதியை அறிய விரும்புவோர் மாற்றம் முழுமையடையாத நிலையில், குறைந்தளவு ஊக்கியுடன் அளத்தல் வேண்டும். அல்லது குழாயின் நீளம் முழுவதும் வெப்பநிலையைக் கண்காணித்தல் வேண்டும். மறுசீராக்கம் வெப்பத்தை உறிஞ்சுவதாதலின், குளிர்ந்த பகுதி எதுவோ அதுவே உயிருள்ள பகுதி. அப்பகுதி நாளடைவில் பின்னோக்கி நகருமாயின் ஊக்கி மாண்டுகொண்டிருக்கின்றது என்பது உறுதி.

செயலிழந்தபின் காரணத்தை அறிதற்கும் ஒழுங்கான வழியுண்டு. காபனை மெதுவாக எரித்து நீக்கி, ஐதரசனால் ஒடுக்கியபின் செயல் முழுவதும் மீண்டால் காபனே காரணம். மீளாவிடின், வெப்பநிலையை உயர்த்தித் தூய நீராவியும் ஐதரசனும் செலுத்தும்போது மீள்கின்றதா என நோக்குக. மீண்டால் கந்தகத்தை ஐயுறலாம். இரண்டினாலும் மீளாவிடின் துணிக்கைகள் பருத்துவிட்டன என்றோ, பொற்றாசியம், சிலிக்கா முதலியன நிலையாகப் படிந்துவிட்டன என்றோ கொள்ளலாம். ஊடுகதிர்க் கோணல் முறையும் இரசாயனப் பகுப்பும் இவற்றுள் எது என்பதைத் தெளிவுறுத்தும். இவ்வொழுங்கின்றி எல்லாச் செயலிழப்பையும் காபன் எனக் கொண்டு எரிப்பவர், கந்தகத்தால் நலிந்த ஊக்கியை வெப்பத்தாற் கொன்றுவிடக்கூடும்.

முடிவுரை

உயிர்த்திணிவிலிருந்து ஐதரசன் பெறும் முயற்சியில் ஊக்கியின் செயலிழப்பு தனியொரு குறையன்று. காபனை உடைக்கும் ஆற்றல் காபன் படிவுக்கும், கந்தகத்தைத் தளர்த்தும் வெப்பம் மூப்புக்கும், காபனைக் களையும் தீ மேற்பரப்பின் அழிவுக்கும் இட்டுச்செல்கின்றன. எனவே என்றும் அழியாத ஊக்கியைத் தேடுதல் ஒருபுறமிருக்க, குறித்த மூலப்பொருளின் சாம்பலுக்கும் கந்தகத்துக்கும் ஏற்ப எந்த நோயை ஏற்பது, எதனைத் தவிர்ப்பது எனத் தெரிவுசெய்யும் அறிவே முதன்மையானது. ஒஸ்திரியாவின் மரச்சீவல்களுக்கு வெற்றியளித்த முறையை, சிலிக்கா செறிந்த உமிக்கும் வைக்கோலுக்கும் ஆராயாது கொண்டுவருதல் பொருந்தாது. நெல் விளையும் நாடுகளின் ஆய்வுகூடங்கள் தத்தம் மூலப்பொருளைக் கொண்டு தாமே செய்யவேண்டிய ஆராய்ச்சி இதுவாகும். அவ்வாராய்ச்சியைத் தொடங்குவோர் புதிய ஊக்கியொன்றை ஆக்குமுன், பழைய ஊக்கி எவ்வாறு மாண்டது என்பதை முதலிற் கேட்பாராயின் அவர்தம் உழைப்பு வீண்போகாது.